கையெழுத்துப் போட்ட ஆட்டக்காரர் பாதியில் கிளம்பலாமா? காற்பந்து ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது

2025 ஜூலை 27. சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கில் ஆர்சனலும் நியூகாசலும் மோதின. நீங்களும் டிக்கெட் வாங்கிப் போயிருக்கலாம், இல்லையென்றால் போன நண்பரின் ஸ்டோரியைப் பார்த்து வயிறு எரிந்திருக்கலாம். ஆட்டம் 3-2 என்று ஆர்சனல் பக்கம் முடிந்தது. ஆனால் ஒரு முகம் மட்டும் அன்று திடலில் இல்லை. முந்தைய பருவத்தில் பிரிமியர் லீக்கில் 23 கோல் போட்ட நியூகாசல் தாக்குதல் ஆட்டக்காரர் அலெக்சாண்டர் இசாக் அந்த ஆசியப் பயணத்துக்கே வரவில்லை. தொடையில் சிறு காயம் என்றது கிளப்.

காயம் பற்றிய பேச்சு சில நாளிலேயே மறைந்துபோனது. இசாக் ஸ்பெயினில், தன் பழைய கிளப்பான ரியல் சொசிடாட்டின் திடலில் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். ஆகஸ்ட் 19ஆம் தேதி இன்ஸ்டாகிராமில் எழுதினார்: எனக்குக் கொடுத்த வாக்கு மீறப்பட்டுவிட்டது, நம்பிக்கை போன பிறகு உறவு தொடர முடியாது என்ற பொருளில். கிளப்பும் உடனே பதில் சொன்னது. இந்தக் கோடையில் நீ போகலாம் என்று எங்கள் அதிகாரி எவரும் வாக்குத் தரவில்லை, அவர் இன்னும் எங்கள் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார் என்றது. செப்டம்பர் 1ஆம் தேதி அவர் லிவர்பூல் ஆட்டக்காரர் ஆனார். விலை 125 மில்லியன் பவுண்டு. பிரிட்டனில் அதுவரை எந்தக் கிளப்பும் ஓர் ஆட்டக்காரருக்கு அவ்வளவு கொடுத்ததில்லை.

நியூகாசலுடன் அவர் போட்டிருந்த ஒப்பந்தம் 2028 வரை.

"கையெழுத்து போட்டாச்சு, இன்னும் மூணு வருஷம் பாக்கி இருக்கு. அப்புறம் எப்படி வரமாட்டேன்னு சொல்லலாம்?" மாமாக் கடை மேசையில் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். நீங்களே கேட்டிருக்கவும் கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் பாதிக் கேள்வி. அந்தத் தாளில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. ஆட்டக்காரரின் கையெழுத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். கிளப்பின் கையெழுத்தைப் பற்றி, சம்பளம் நின்ற பிறகுதான் பேசுகிறோம்.

உங்கள் வேலை ஒப்பந்தமும் இதுவும் ஒன்றா?

இல்லை. நீங்கள் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தால், பிடிக்கவில்லை என்றால் ஒரு மாத நோட்டீஸோ இரண்டு மாத நோட்டீஸோ கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. காற்பந்து ஆட்டக்காரருக்கு அந்தக் கதவு இல்லை. அனைத்துலகக் காற்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி, ஒப்பந்தம் இரண்டே வழியில்தான் முடியும். ஒன்று, காலம் முடிய வேண்டும். அல்லது இரு தரப்பும் சேர்ந்து முடித்துக்கொள்ள வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் மட்டும் ஒரு தரப்பு தனியாக முறித்துக்கொள்ளலாம். பருவம் நடந்துகொண்டிருக்கும்போது அதுவும் இல்லாமல் முறிக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? யோசித்துப் பாருங்கள். லீக்கில் இரண்டாம் இடத்தில் இருக்கும் கிளப்பின் கோல்காவலர் மார்ச் மாதம் நோட்டீஸ் கொடுத்துவிட்டு முதலிடக் கிளப்புக்குப் போனால் என்ன ஆகும்? ஆட்டக்காரர்கள் நினைத்தபோது மாறினால் போட்டிக்கே அர்த்தம் இருக்காது. காலக்கெடு உள்ள ஒப்பந்தம் இருப்பதால்தான் லீக் என்ற ஒன்று நடக்கிறது.

இதே பூட்டு கிளப்புக்கும் உண்டு என்பது பலருக்கு நினைவுக்கு வராது. உங்கள் முதலாளி உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து அனுப்பிவிடலாம். கிளப்பால் அது முடியாது. ஆட்டக்காரர் ஃபார்மில் இல்லை, முட்டியில் காயம், புதுப் பயிற்றுநருக்குப் பிடிக்கவில்லை, எதுவாக இருந்தாலும் கடைசி நாள் வரை சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

இதற்குப் பேர்போன ஆள் ஒருவர் இருக்கிறார். நெதர்லாந்துத் தற்காப்பு ஆட்டக்காரர் வின்ஸ்டன் போகார்ட். 2000ஆம் ஆண்டு செல்சி அவரோடு நான்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டது. வாரத்துக்குச் சுமார் 40,000 பவுண்டு என்று அப்போது செய்தி வந்தது. கொஞ்ச நாளிலேயே கிளப்புக்கு அவர் தேவைப்படவில்லை. வேறு கிளப்புக்குப் போங்கள் என்று நெருக்கினார்கள். அவர் போகவில்லை. தினமும் பயிற்சிக்கு வந்தார், சம்பளத்தை வாங்கினார், 2004இல் ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் போனார். நான்கு ஆண்டில் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் ஒன்பது.

ஊரே சிரித்தது. பேராசைக்காரன் என்றது. ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், போகார்ட் செய்தது என்ன? கையெழுத்துப் போட்டதை வரிக்கு வரி காப்பாற்றினார், அவ்வளவுதான். இசாக்கைத் திட்டுகிற அதே வாய் போகார்டையும் திட்டுகிறது என்றால், நாம் கேட்பது ஒப்பந்த மரியாதை அல்ல. கிளப்புக்கு எது வசதியோ அதைக் கேட்கிறோம்.

"வா, வந்து ஆடு" என்று நீதிமன்றம் சொல்லுமா?

சொல்லாது. ஆள் வர மறுத்தால் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து திடலில் நிறுத்த எந்தச் சட்டத்துக்கும் அதிகாரம் இல்லை. இதற்கான பழைய வழக்கில் வருவது பந்து அல்ல, பாட்டு.

1852, லண்டன். ஜொஹானா வாக்னர் என்ற ஜெர்மன் ஓபரா பாடகி ஓர் அரங்கத்தில் மூன்று மாதம் பாடுவதாகவும், அந்தக் காலத்தில் வேறு எங்கும் பாடுவதில்லை என்றும் ஒப்பந்தம் போட்டார். போட்டி அரங்கம் ஒன்று கூடுதல் பணம் தருவதாகச் சொன்னது. அங்கே போகப் பார்த்தார். முதல் அரங்கத்தின் முதலாளி பெஞ்சமின் லம்லி வழக்குப் போட்டார். அவரைப் பாட வைக்க எங்களால் முடியாது, ஆனால் அந்த மூன்று மாதம் வேறு இடத்தில் பாடாமல் தடுக்க முடியும் என்றது நீதிமன்றம்.

மலேசியாவிலும் இதே எண்ணம்தான் சட்டத்தில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் ஒரு நிவாரணச் சட்டப்படி, ஒருவருடைய தனித்திறமையை நம்பிய ஒப்பந்தத்தை அவரைக் கட்டாயப்படுத்தி நிறைவேற்ற வைக்க முடியாது. ஈடு கேட்கலாம்.

காற்பந்தும் இதையே வேறு வடிவத்தில் செய்கிறது. ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையில் இருக்கும். அந்தப் பதிவு மாறாமல் அவர் வேறு கிளப்புக்கு அதிகாரபூர்வ ஆட்டம் ஆட முடியாது. ஆக, இசாக்கால் நியூகாசலுக்கு ஆடாமல் இருக்க முடிந்தது. லிவர்பூலுக்கு ஆடத்தான் முடியவில்லை, நியூகாசல் சரி என்று சொல்லும் வரைக்கும். பயிற்சிக்கு வராவிட்டால் கிளப் அபராதம் போடலாம். இங்கிலாந்தில் வழக்கமான உச்சம் இரண்டு வாரச் சம்பளம். இந்த இழுபறியில் முதலில் சலித்துப்போவது யார் என்பதுதான் மிச்சம். 125 மில்லியன் என்ற எண்ணைக் கேட்டதும் நியூகாசல் சலித்துப்போனது.

அந்தத் தொகை எதற்கு என்று கவனித்தீர்களா? இசாக் என்ற மனிதருக்கு அல்ல. அந்த மூன்று ஆண்டுகளுக்கு. ஒப்பந்தத்தில் மூன்று மாதம்தான் மீதி என்றிருந்தால் அதே கால், அதே கோல், ஆனால் விலை கிட்டத்தட்டக் காற்றில் போயிருக்கும்.

அதே நியூகாசல், 65 வருடம் முன்னே

நியூகாசலுக்கு இது முதல் அனுபவம் இல்லை. 1960ஆம் ஆண்டு ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற ஆட்டக்காரரும் இதே கிளப்புக்கு ஆட மறுத்து வெளியே நின்றார். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: அவருடைய ஒப்பந்தம் முடிந்துபோயிருந்தது.

முடிந்த பிறகும் போக முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது! அன்றைய இங்கிலாந்து விதி அப்படி. ஒப்பந்தம் முடிந்தாலும் பதிவைக் கிளப் வைத்துக்கொள்ளலாம். வேறு கிளப்புக்கு விடாது. ஆட்டக்காரருக்கு வாரச் சம்பளத்தில் 20 பவுண்டு என்ற உச்சவரம்பு வேறு. அவ்வளவு நட்சத்திரமாக இருந்தாலும் அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. ஈஸ்ட்ஹாம் காற்பந்தை விட்டுவிட்டு, தெரிந்தவர் ஒருவரின் நிறுவனத்தில் தக்கை விற்கும் வேலைக்குப் போனார். மாதக்கணக்கில் இழுத்த பிறகு நியூகாசல் இறங்கிவந்தது. 47,500 பவுண்டுக்கு ஆர்சனலுக்கு விட்டது.

போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். ஈஸ்ட்ஹாம் ஆட்டக்காரர் சங்கத்தின் துணையோடு வழக்கைத் தொடர்ந்தார். 1963இல் நீதிபதி வில்பர்போர்ஸ் தீர்ப்புச் சொன்னார்: ஒப்பந்தம் முடிந்த ஆளை இப்படிப் பிடித்து வைப்பது, ஒருவர் தன் தொழிலைச் செய்வதற்கு நியாயமில்லாத தடை. உச்சவரம்பு அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1961இல், போய்விட்டிருந்தது.

ஐரோப்பா முழுக்க அந்தக் கதவு திறக்க இன்னும் முப்பது வருடம் ஆனது. பெல்ஜியத்தின் ஜான் மார்க் பாஸ்மன் லியேஜ் கிளப்பில் ஆடினார். 1990இல் ஒப்பந்தம் முடிந்தது. கிளப் சம்பளத்தை வெட்டிப் புது ஒப்பந்தம் நீட்டியது. அவர் பிரான்சின் டன்கர்க் கிளப்புக்குப் போக நினைத்தார், லியேஜ் பணம் கேட்டு முட்டுக்கட்டை போட்டது. 1995 டிசம்பர் 15ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு நாட்டுக் கிளப்புக்குப் போக யாரும் காசு கேட்கக் கூடாது என்றது. இன்று நாம் சர்வசாதாரணமாக "ஃப்ரீ டிரான்ஸ்ஃபர்" என்கிறோமே, அது அவர் போட்ட வழக்கு. வழக்கு நடந்த ஐந்தாண்டில் அவருடைய ஆட்ட வாழ்க்கை கரைந்துபோனது. பலன் முழுக்கப் பின்னால் வந்தவர்களுக்கு.

ஃப்ரீயாகப் போனாலும் திட்டுவார்கள். லிவர்பூலிலேயே வளர்ந்த டிரென்ட் அலெக்சாண்டர் ஆர்னால்ட் 2025 மே மாதம், ஒப்பந்தம் முடிவதால் கிளம்பப்போவதாக அறிவித்தார். சில நாள் கழித்துச் சொந்தத் திடலிலேயே அவர் இறங்கியபோது சொந்த ரசிகர்களில் ஒரு பகுதி கூச்சலிட்டுக் கேலி செய்தது. புதுப்பிக்க மறுத்தார் என்பதைத் தவிர அவர் எந்த வாக்கையும் மீறவில்லை. நான்கு மாதம்கூட ஆகவில்லை, மூன்று ஆண்டு மீதி வைத்துவிட்டு வந்த இசாக்கை அதே ஊர் கைதட்டி வரவேற்றது. ரசிகர் மனசு அப்படித்தான், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. அதை ஒப்பந்தக் கொள்கை என்று மட்டும் பேர் வைக்காதீர்கள்.

நேராக முறித்துக்கொண்டு போனால்?

இசாக் முறிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் ஆடாமல் இருந்து கிளப்பை விற்க வைத்தார். "இந்தா உன் தாள், நான் போறேன்" என்று உண்மையிலேயே கிழித்துப் போட்டவர்களும் உண்டு. அவர்கள் கதை எல்லாருக்கும் ஒரே மாதிரி முடியவில்லை.

ஸ்காட்லாந்தின் ஆண்டி வெப்ஸ்டர் 2006இல் ஹார்ட்ஸ் கிளப்பை விட்டுவிட்டு விகனுக்குப் போனார். வழக்கு சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனது. 2008இல் மன்றம் போட்ட ஈடு 150,000 பவுண்டு. ஒப்பந்தத்தில் மீதியிருந்த சம்பளம் எவ்வளவோ அவ்வளவுதான். அடடா, இவ்வளவு மலிவா என்று ஆட்டக்காரர்களும் முகவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்த ஆண்டே அதே மன்றம் எல்லாரையும் உட்கார வைத்தது. பிரேசிலின் மட்டுசாலெம் 2007இல் உக்ரைனின் ஷக்தார் கிளப்பை விட்டு ஸ்பெயினின் சரகோசாவுக்குப் போயிருந்தார். அவர் மீது விழுந்த ஈடு கிட்டத்தட்ட 12 மில்லியன் யூரோ. மீதிச் சம்பளத்தை மட்டும் அல்ல, கிளப்புக்கு உண்மையில் எவ்வளவு நட்டம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு தாளைக் கிழிக்கும் ஆசை பலருக்கும் போய்விட்டது.

பணத்தோடு முடியாது. 28 வயதுக்கு முன் போட்ட ஒப்பந்தமாக இருந்தால் முதல் மூன்று ஆண்டு, அதற்குப் பின் போட்டதாக இருந்தால் முதல் இரண்டு ஆண்டு, பாதுகாக்கப்பட்ட காலம் என்று பேர். அதற்குள் காரணமில்லாமல் முறித்தால் நான்கு மாதம் ஆடத் தடை, மோசமான சூழலில் ஆறு மாதம். கிளப் முறித்தால் புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யத் தடை.

இந்த இறுக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எல்லை போட்டவர் லசானா டியாரா. பிரான்ஸ் தேசியக் குழுவுக்கும் ரியல் மட்ரிட்டுக்கும் ஆடியவர். 2013இல் லொகோமோட்டிவ் மாஸ்கோவோடு நான்கு ஆண்டு ஒப்பந்தம். அடுத்த ஆண்டே சம்பளத்தில் தகராறு, கிளப் ஒப்பந்தத்தை முடித்தது, தவறு அவர் மீதுதான் என்று வழக்கும் போட்டது. ஃபிஃபாவின் தீர்ப்பு 10.5 மில்லியன் யூரோ கொடு என்றது. இதற்கிடையே பெல்ஜியத்தின் சார்லெருவா கிளப் அவரை எடுக்கத் தயாராக இருந்தது. ஆனால் அப்போதைய விதி, புதிதாக எடுக்கும் கிளப்பும் அந்த ஈட்டுக்குச் சேர்ந்து பொறுப்பு என்றது. யார் அந்த வம்பை விலைக்கு வாங்குவார்கள்? சார்லெருவா பின்வாங்கியது.

டியாரா ஃபிஃபா மீதே வழக்குப் போட்டார். 2024 அக்டோபர் 4ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம், இந்த விதிகளில் சில ஒருவர் வேலை தேடிப் போகும் உரிமையையும் கிளப்புகளுக்கு இடையிலான போட்டியையும் நசுக்குகின்றன என்றது. ஃபிஃபா விதியைத் திருத்தியது. புதுக் கிளப் தூண்டிவிட்டது என்று நிரூபித்தால்தான் இப்போது அதற்கும் பொறுப்பு வரும். வழக்கு நடக்கிறது என்பதற்காக ஆட்டக்காரரின் பதிவுச் சான்றிதழையும் பிடித்து வைக்க முடியாது. ஒப்பந்தத்தை மதிக்க வேண்டும் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. மீறியவரின் பிழைப்பையே முடக்கும் அளவுக்கு அதைக் கொண்டுபோகாதே என்றது.

நம்ம நாட்டில் யார் மீறுகிறார்?

இதுவரை பார்த்ததெல்லாம் மில்லியன் கணக்கு. இனி கொஞ்சம் வீட்டுப் பக்கம் வருவோம். மலேசியக் காற்பந்தில் "ஒப்பந்தத்தை மதி" என்று சொல்ல வேண்டியது பெரும்பாலும் ஆட்டக்காரரைப் பார்த்து அல்ல.

2023 பருவத்துக்கு மலாக்கா யுனைட்டடுக்கும் சரவாக் யுனைட்டடுக்கும் உரிமம் கிடைக்கவில்லை. காரணம் சம்பள பாக்கி. அதே நேரத்தில் பெட்டாலிங் ஜெயா சிட்டி கிளப்பும் சூப்பர் லீக்கிலிருந்து தானாகவே விலகியது. நமக்கு அது இன்னொரு கிளப் மட்டும் அல்ல. மீஃபா என்ற பேரில் மலேசிய இந்தியர்களின் குழுவாக நம் அப்பா, சித்தப்பாக்கள் அறிந்த கிளப்தான் பின்னால் அந்தப் பேருக்கு மாறியது. 2025இல் மாதக்கணக்கில் சம்பள பாக்கியோடு தடுமாறிய கெடாவுக்கு அடுத்த பருவத்தின் சூப்பர் லீக் கதவு மூடியது. பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் அதே நேரத்தில் விலகின.

இந்தக் கிளப்புகளில் ஆடியவர்கள் இசாக் அல்ல. வீட்டு வாடகை, கார் தவணை, குழந்தைக்குப் பால் மாவு என்று வாழ்கிறவர்கள். முப்பது, முப்பத்திரண்டு வயதோடு இந்த வருமானம் நின்றுவிடும் என்று தெரிந்தவர்கள். சம்பளம் வராத மூன்றாவது மாதமும் அவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள், ஆடுகிறார்கள். வராவிட்டால் ஒப்பந்தத்தை மீறியது நீ என்று ஆகிவிடுமோ என்ற பயம்.

அந்தப் பயத்துக்கு ஃபிஃபா விதியில் பதில் இருக்கிறது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் உரிய நாளில் வராவிட்டால், ஆட்டக்காரர் கிளப்புக்கு எழுத்தில் தெரிவித்து, முழுதாகக் கட்ட குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள்ளும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். மீறியது கிளப் என்று ஆகும். ஈடு கேட்கும் உரிமையும் ஆட்டக்காரர் பக்கம் வரும்.

இங்கே ஒரு நெருடல் உண்டு. ஒரே உடைமாற்றும் அறையில் பிரேசில்காரர் ஒருவரும் கிள்ளான்காரர் ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், இருவருக்கும் சம்பளம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேசில்காரர் வெளிநாட்டவர் என்பதால் நேரடியாக ஃபிஃபாவிடம் போகலாம். அங்கே தோற்ற கிளப் பணம் கட்டாவிட்டால், மூன்று பதிவுக் காலம் வரைக்கும் புது ஆட்டக்காரரைப் பதிவு செய்யத் தடை விழலாம். அந்தப் பயத்தில் கிளப் எங்கேயாவது காசு புரட்டிவிடும். கிள்ளான்காரரின் வழக்கு உள்நாட்டில், மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் குழு முன் போக வேண்டும். அங்கே வென்றாலும், கிளப்பே கலைந்துபோனால் யாரிடம் போய் வாங்குவது?

அதனால்தான் உரிமம் கொடுக்கும் இடத்திலேயே பிடிக்கிறார்கள். பாக்கியைத் தீர்க்காவிட்டால் லீக்கில் இடம் இல்லை. நல்ல விதி. ஆனால் அந்தக் கிளப் லீக்கை விட்டு வெளியேறும் நாளில், பாக்கி வர வேண்டிய அதே ஆட்டக்காரருக்கு வேலையும் போகிறது. இதற்கு இன்னும் சரியான மருந்து கிடைக்கவில்லை. சம்பளத்துக்கு முன்கூட்டியே வங்கி உத்தரவாதம் வைக்கச் சொல்வது ஒரு வழி. கிளப்புகளுக்கு அது கசக்கும். எனக்கு அதுதான் நேர்மையான வழியாகப் படுகிறது. தன்னால் கொடுக்க முடிந்த சம்பளத்தைத்தானே கிளப் எழுதித் தர வேண்டும்?

பூப்பந்தில் கதை கொஞ்சம் வேறு. அங்கே விலை கொடுத்து வாங்கும் கிளப் சந்தை கிடையாது. தேசியச் சங்கம்தான் பயிற்சி தருகிறது, அதுவே அனைத்துலகப் போட்டிக்குப் பேரையும் பதிகிறது. 2022 ஜனவரியில் லீ ஸி ஜியா சங்கத்தை விட்டு விலகித் தனியாக ஆட முடிவெடுத்தார். இரண்டு ஆண்டு உன் பேரைப் பதிய மாட்டோம் என்றது சங்கம். அதாவது பாடகி வாக்னருக்கு விழுந்த அதே தடை, மூன்று மாதத்துக்குப் பதில் இரண்டு ஆண்டு, நீதிமன்றம் இல்லாமலேயே. நாட்டில் எழுந்த சத்தத்துக்கும் மேல்முறையீட்டுக்கும் பிறகு சில நாளிலேயே தடை விலகியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மலேசியாவுக்கு அவர் வெண்கலம் கொண்டுவந்தார். சங்கம் அவர் மீது செலவழித்தது உண்மை, அதற்கு ஏதாவது ஈடு கேட்டிருந்தால் பேசிப் பார்க்கலாம். ஈடு என்று ஒன்று இல்லாத இடத்தில், தடை ஒன்றுதான் கையில் இருக்கும் ஆயுதம். அதைத்தான் தூக்கினார்கள்.

உங்கள் கையில் ஒரு தாள் வந்தால்

இதைப் படிக்கிறவர்களில் ஒருவர் இருவராவது ஏதோ ஒரு மாநிலக் குழுவின் தேர்வுக்குப் போயிருப்பீர்கள். அல்லது தம்பி போயிருப்பான். தாள் கைக்கு வரும் அன்று ஜெர்சியோடு படம் எடுப்பதற்கு இருக்கும் அவசரம், படிப்பதற்கு இருக்காது.

முதலில் வயது. 18 வயது ஆகாதவரோடு மூன்று ஆண்டுக்கு மேல் போட்ட தொழில்முறை ஒப்பந்தத்தை ஃபிஃபா ஏற்காது. பெரியவர்களுக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு, நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால் கூடலாம்.

அடுத்து, நீட்டிக்கும் உரிமை யாருக்கு என்று பாருங்கள். "இரண்டு ஆண்டு, விரும்பினால் மேலும் ஓர் ஆண்டு" என்று இருந்தால், விரும்ப வேண்டியது யார்? கிளப் மட்டும் என்றால் அது இரண்டு ஆண்டு ஒப்பந்தம் அல்ல. கிளப்புக்குப் பிடித்தால் மூன்று, பிடிக்காவிட்டால் இரண்டு. உங்களுக்குத் தேர்வு இல்லை. விலகும் விலை எழுதப்பட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். ஸ்பெயினில் 1985 முதல் இருக்கும் அரசாணையின் விளைவாக அப்படி ஒரு தொகை எழுதுவது வழக்கம். 2017இல் நெய்மாருக்காக அந்த 222 மில்லியன் யூரோ கட்டப்பட்டதும் பார்சலோனாவால் தடுக்க முடியவில்லை. உங்களுடையது 20,000 ரிங்கிட்டாக இருக்கலாம், வேலை செய்யும் விதம் அதேதான்.

ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு பேசவும் கையெழுத்துப் போடவும் உங்களுக்கு உரிமை உண்டு, அது துரோகம் ஆகாது. வீடு தருவோம், கார் தருவோம், சம்பளம் ஏற்றுவோம் என்று வாயில் சொன்னதெல்லாம் தாளில் இருக்கிறதா என்று தேடுங்கள். இசாக் சொன்ன வாக்கு தாளில் இல்லை, அதனால்தான் அது கடைசி வரை அவர் சொல்லாகவும் கிளப் சொல்லாகவும் நின்றது. புரியாத வரிக்கு மலேசிய நிபுணத்துவக் காற்பந்து ஆட்டக்காரர் சங்கத்திடம் கேட்கலாம். சம்பள பாக்கி வழக்குகளில் ஆட்டக்காரர்களுக்காக நிற்பவர்கள் அவர்கள்தான்.

இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்கள் கையிலேயே இருக்க வேண்டும். "ஆபீஸ்ல இருக்கு, அப்புறம் வாங்கிக்கோ" என்றால் அன்றே வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். ஒருநாள் சம்பளம் நின்றால், மேலாளரிடம் போனில் கெஞ்சிய ஆறு வாரமும் கணக்கில் வராது. அந்த 15 நாள் ஓடத் தொடங்குவது, எழுதிய கடிதம் கிளப்புக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து.